கொந்தராத்து கையெழுத்தாகும் வரை: ஜொப் மென்பொருள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் வீடுகளும் சிறு கட்டடங்களும் கட்டிக்கொடுக்கும் நிறுவனங்களுக்கு அளவையும் மதிப்பீடும் செய்து கொடுப்பது என் தொழில். வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை, வத்தளை என்று எங்கே போனாலும் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. வாடிக்கையாளர் முதன்முதல் ஃபோன் எடுத்த நாளிலிருந்து கொந்தராத்து கையெழுத்தாகும் நாள் வரை நடக்கும் வேலையை எப்படிக் கையாள்வது, ஒவ்வொரு வேலையையும் ஒரு தனிப் பதிவாக வைத்துக் கவனிக்கும் ஜொப் மென்பொருள் அதற்கு எவ்வளவு உதவும் என்பதைப் பற்றியவை அவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தந்திருக்கிறேன்.

1. ஜொப் மென்பொருள் எண்டால் வேலை தொடங்கின பிறகு பாவிக்கிறதுதானே? கையெழுத்து வைக்க முந்தி அதில என்ன போடுறது?

கையெழுத்துக்கு முந்தியும் வேலை நடக்கத்தான் செய்கிறது. ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய்க் காணி பார்க்கிறார். ஒருவர் பிளானை விரித்து அளவெடுக்கிறார். இன்னொருவர் பழைய சோனகத் தெருவில் நாலு கடை ஏறிக் கம்பி விலை கேட்கிறார். எல்லாவற்றுக்கும் சம்பளமும் பெற்றோலும் போகிறது. வேலை கிடைத்தால் அந்தச் செலவு கணக்குக்குள் கரைந்துவிடும். கிடைக்காவிட்டால் எங்கே போனது என்றே தெரியாது. அதனால் முதல் ஃபோன் வந்த அன்றைக்கே ஒரு ஜொப் இலக்கம் போட்டுவிடுங்கள்.

விலை கூடியதால்தான் வேலை கைவிட்டுப் போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, "பார்த்துச் சொல்றன்" என்று வாக்குக் கொடுத்தவர் திரும்பப் பேசாததால் போன வேலைகள்தான் கூட. ஆகவே ஒவ்வொரு பதிவிலும் அடுத்து செய்ய வேண்டியது என்ன, அதை யார் செய்வது, எந்தத் திகதிக்குள் என்ற மூன்றும் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் உங்கள் மென்பொருள் பாதிச் சம்பளத்தை உழைத்துவிட்டது.

2. எத்தனை கட்டம் வைக்கிறது? எங்கட தம்பி பன்னிரண்டு கட்டம் போட்டு வைச்சிருக்கிறான், ஒருத்தருக்கும் விளங்கேல்ல.

சிறு நிறுவனத்துக்கு ஆறு போதும்: விசாரணை வந்தது, காணி பார்த்தாச்சு, மதிப்பீடு தொடங்கியாச்சு, விலை கொடுத்தாச்சு, முன்வேலை ஒப்பந்தம் ஆச்சு, கொந்தராத்து கையெழுத்தாச்சு. இவற்றோடு, "தள்ளிப்போட்டது" என்றும் "போனது" என்றும் இரண்டு ஓரப் பெட்டிகள். முன்வேலை ஒப்பந்தம் பற்றி 7ஆம் கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன். சில வேலைகளில் அது மதிப்பீட்டுக்கு முன்னரே வரும். அப்போது கட்டங்களின் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

கட்டத்துக்குப் பெயர் வைக்கும்போது நடந்து முடிந்த ஒரு காரியத்தின் பெயரை வையுங்கள். "நல்ல ஆர்வம்", "சூடான கிளையன்ட்" என்றெல்லாம் வைத்தால் ஆளுக்கு ஆள் அர்த்தம் மாறும். விலை கொடுத்தாச்சா என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்ற பதில்தான் வரும்.

3. முதல் ஃபோனிலேயே என்னென்ன கேட்டு எழுத வேணும்? கனக்கக் கேட்டால் ஆள் ஓடிவிடாதா?

பதமாகக் கேட்டால் ஓடமாட்டார்கள். கட்டப்போகிறவருக்கு வீடு பற்றிப் பேசுவது சந்தோஷமான விஷயம். காணி எங்கே, எத்தனை பேர்ச், உறுதி யாருடைய பெயரில், பிளான் வரைந்தாச்சா, மாநகர சபை அனுமதி எடுத்தாச்சா, எப்போது தொடங்க நினைக்கிறார்கள், யார் முடிவெடுப்பது, காசு எங்கிருந்து வருகிறது. ஐந்து நிமிடப் பேச்சுத்தான். வங்கிக் கடன் என்றால் அதையும் குறியுங்கள், ஏனென்றால் வங்கி கேட்கும் மதிப்பீட்டின் வடிவம் வேறாக இருக்கும்.

காணியைப் பற்றிய கேள்விகளைத் தட்டிக்கழிக்க வேண்டாம். வெள்ளவத்தையில் 6 பேர்ச் காணி என்றால் 1,633 சதுர அடிச் சொச்சம்; அதற்குள் பின்பக்க வெளி, வாகனத் தரிப்பிடம் எல்லாம் விட்ட பிறகு என்ன மிஞ்சும் என்பது முதல் நாளே தெரிந்தால் வீண் ஆசை காட்ட வேண்டியிராது. அதோடு, சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப் பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். மரைன் டிரைவை அண்டிய காணிகள் இதற்குள் வரும், அங்கே கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். இதற்கு மென்பொருளில் "கரையோர வலயமா: ஆம் / இல்லை" என்று ஒரு பெட்டியே வைத்துவிடுங்கள். இந்த ஒரு பெட்டி மாதக்கணக்கான இழுபறியை முதலிலேயே காட்டிக்கொடுக்கும்.

4. "சதுர அடிக்கு எவ்வளவு?" எண்டுதான் எல்லாரும் முதல் கேட்கினம். என்ன சொல்றது? அதைப் பதியிறதா?

சொல்லாமல் இருக்க முடியாது. சொல்லாவிட்டால் அடுத்தவரிடம் கேட்பார்கள். ஒரு தொகையாகச் சொல்லாமல், "இதிலிருந்து இது வரை" என்று ஒரு வீச்சாகச் சொல்லுங்கள். எதெல்லாம் அதற்குள் அடக்கம் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். பல்கனி, கார் நிறுத்துமிடம், மேல்தட்டு ஆகியவற்றை ஒருவர் சதுர அடிக் கணக்கில் சேர்ப்பார், ஒருவர் சேர்க்கமாட்டார். மதில், கேற், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டாங்க் பெரும்பாலும் சேராது. இரண்டு ஒப்பந்தகாரர்களின் சதுர அடி விலையை வாடிக்கையாளர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கணக்குக் குழம்புவது இங்கேதான்.

சொன்ன உடனேயே பதியுங்கள்: திகதி, சொன்ன வீச்சு, அடக்கமானவை, அடங்காதவை. அதையே வட்ஸ்அப்பிலும் அவருக்கு அனுப்பிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து "நீங்கள் இவ்வளவுதானே சொன்னீங்கள்" என்று வரும்போது இருவருக்கும் பார்ப்பதற்கு ஒரே எழுத்து இருக்கும்.

5. எக்ஸெலும் வட்ஸ்அப் குரூப்பும் இருக்கே, அது காணாதா?

ஒரே நேரத்தில் ஐந்தாறு விசாரணைகள்தான், கவனிப்பவரும் நீங்கள் ஒருவர்தான் என்றால் காணும். ஒரு கூகிள் ஷீட்டில் 1ஆம் பதிலில் சொன்ன மூன்று விஷயத்துக்கும் மூன்று நிரல் போட்டு, தினமும் காலையில் திகதிப்படி அடுக்கிப் பாருங்கள். அதற்காக டொலர் கட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது ஆள் கை வைக்கும்போதுதான் அது உடையத் தொடங்கும். காணிப் படம் ஒருவர் ஃபோனில், எஸ்டிமேட் மற்றவர் லாப்டொப்பில், வாடிக்கையாளர் "மாடிப்படியை வெளியில போடுங்கோ" என்று சொன்ன குரல்பதிவு குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவில். அந்தக் குரல்பதிவைத் தேடி நீங்கள் மேலே மேலே தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் மாற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

6. அப்ப எந்த மென்பொருள் வாங்குறது? பெயரைச் சொல்லுங்கோ.

பில்டர்ட்ரெண்ட், ஜொப்ட்ரெட் இரண்டும் வீடு கட்டுபவர்களுக்காகவே அமெரிக்காவில் உருவானவை. விசாரணை, மதிப்பீடு, முன்மொழிவு, பிறகு ஜொப் என்று முழுத் தொடரும் ஒரே இடத்தில் இருக்கும். கையெழுத்தானதும் விசாரணையையே ஜொப்பாக மாற்றிக்கொள்ளலாம். புரோகோர் பெரிய நிறுவனங்களுக்கானது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் சிஆர்எம் (வாடிக்கையாளர் தொடர்புகளைக் கவனிக்கும் மென்பொருள்) கட்டுமானத்துக்கென்று செய்யப்பட்டதல்ல, ஆனால் கட்டங்களையும் பெட்டிகளையும் நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். ட்ரெல்லோ, கட்டங்களை நிரல்களாகவும் வேலைகளை அட்டைகளாகவும் காட்டும் எளிய பலகை, தொடங்கிப் பழக நல்லது.

பில்டர்ட்ரெண்ட் போன்றவற்றுக்கு மாதம் சில நூறு டொலர் போகும். நான்கு பேர் வேலை செய்யும் கொழும்பு நிறுவனத்துக்கு அது பெரிய சுமை என்றுதான் நான் நினைக்கிறேன். முதலில் ட்ரெல்லோவிலோ ஸோஹோவிலோ மூன்று மாதம் ஓடிப் பாருங்கள். பழக்கம் பிடித்தால் பெரியதை வாங்கலாம். பழக்கம் பிடிக்காவிட்டால் பெரியதும் சும்மாதான் கிடக்கும்.

வாங்க முன்னர் உங்கள் உண்மையான ஒரு வேலையைப் போட்டுச் சோதியுங்கள். ரூபாவில் விலை காட்டுமா, எங்கள் வற் வரியை ஒழுங்காகச் சேர்க்குமா, கன மீற்றரும் கியூபும் (100 கன அடி) இரண்டும் ஏற்குமா, தமிழில் எழுதிய குறிப்பு பிடிஎஃப் ஆகும்போது எழுத்து உடையாமல் வருமா. கடைசியில் சொன்னதைக் கட்டாயம் பாருங்கள். திரையில் அழகாகத் தெரியும் "கொ", "பூ" எல்லாம் அச்சில் பிரிந்து தனித்தனியாக நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

7. பிஓகியூ போட்டுக் குடுக்கிறதுக்குக் காசு கேட்கலாமா? மற்றவை சும்மா செய்யினமே.

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பிஓகியூ என்பது வேலையின் ஒவ்வொரு பகுதியையும் அளவோடும் விலையோடும் எழுதும் பட்டியல். ஆனால் எதற்குக் கேட்பது, எதற்குக் கேட்காமல் விடுவது என்பதில் தெளிவு வேண்டும். முதல் தடவை காணி பார்ப்பதும் 4ஆம் பதிலில் சொன்ன வீச்சு விலையும் இலவசம். அது உங்கள் கடை வாசல். அதற்கு அப்பால் மண் பரிசோதனை, கட்டமைப்புப் பொறியியலாளரின் வரைபு, முழு அளவையுடன் பிஓகியூ, மாநகர சபைக்கான விண்ணப்பக் கோவை என்று போனால் அது சம்பளத்துக்குரிய தொழில். கட்டட வேலைகளை அளப்பதற்கான இலங்கைத் தரநிலையான எஸ்எல்எஸ் 573 முறைப்படி ஒரு இரண்டு மாடி வீட்டை அளந்து பிஓகியூ எழுதுவது இரண்டு மணி நேரத்தில் முடியும் காரியமில்லை.

இதற்கு இரண்டு பக்கத்தில் ஒரு முன்வேலை ஒப்பந்தம் போதும். என்னென்ன செய்து தருவோம், எத்தனை நாளில், கட்டணம் எவ்வளவு, எத்தனை தடவை திருத்தம் அடக்கம் என்று எழுதுங்கள். முக்கியமான இரண்டு வரியை விட்டுவிட வேண்டாம். கொந்தராத்து எங்களுக்கே கிடைத்தால் இந்தக் கட்டணம் மொத்தத் தொகையில் கழிக்கப்படும் என்பது ஒன்று. கிடைக்காவிட்டால், கட்டணம் கட்டிய வாடிக்கையாளர் பிஓகியூவை எடுத்துக்கொண்டு யாரிடமும் விலை கேட்கலாம் என்பது மற்றது. இந்த இரண்டாவது வரியை எழுத ஒப்பந்தகாரர்கள் பயப்படுகிறார்கள். ஆனால் அதை வாசிக்கும்போதுதான் வாடிக்கையாளருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வருகிறது, தன் காசுக்குக் கையில் ஒரு பொருள் கிடைக்கிறது என்று தெரிகிறது.

வாயால் சொல்லும்போது இப்படிச் சொல்லலாம்: "அக்கா, இப்ப நான் சொன்னது ஒரு குத்துமதிப்பு. இதை நம்பி நீங்கள் கடன் எடுக்கக்கூடாது. மண்ணைப் பார்த்து, அத்திவாரம் எந்த வகை எண்டு தெரிஞ்ச பிறகு சொல்ற விலையில நான் நிப்பன். அதுக்கு இவ்வளவு செலவாகும், பிறகு மொத்தத்தில கழிச்சுவிடுறன்." மென்பொருளில் இந்த முன்வேலைக்கே தனி பட்ஜெட் திறந்து, யார் எத்தனை மணி நேரம் செலவழித்தார்கள் என்று பதியுங்கள். சில வேலைகள் முடிந்த பிறகு, நீங்கள் கேட்கும் கட்டணம் சரிதானா என்று அந்தப் பதிவே காட்டும்.

8. விலை குடுத்து மூண்டு மாசம் கழிச்சு "சரி, தொடங்குவம்" எண்டு வாறார். பழைய விலையிலதான் நிக்கிறார். என்ன செய்யுறது?

கொடுத்த கொட்டேஷனில் செல்லுபடியாகும் திகதி இருந்ததா என்பதைப் பொறுத்தது. இருந்தால் பேச்சு சுலபம். இல்லாவிட்டால் உறவைக் காப்பாற்றிக்கொண்டு பேசிச் சமாளிக்க வேண்டியதுதான்.

இலங்கையில் இந்தத் திகதிக்கு எவ்வளவு பெறுமதி என்று 2022இல் எல்லோரும் பார்த்தோம். மார்ச் ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. கம்பி, அலுமினியம், வயர், டைல்ஸ் என்று இறக்குமதியோடு தொடர்புள்ள எல்லாம் அதோடு ஏறின. வரியும் அப்படித்தான்: 8 சதவீதமாக இருந்த வற் 2022 ஜூன் 1ஆம் திகதி 12 ஆனது, செப்டெம்பர் 1ஆம் திகதி 15 ஆனது, 2024 ஜனவரி 1ஆம் திகதி 18 ஆனது. "வற் உட்பட" என்று மட்டும் எழுதிக் கொடுத்தவர்கள் வித்தியாசத்தைத் தங்கள் பையிலிருந்து கட்டும் நிலைக்கு வந்தார்கள். "பில் போடும் நாளில் நடைமுறையிலுள்ள வீதப்படி வற்" என்று எழுதினால் பிரச்சினையில்லை.

மென்பொருளில் ஒவ்வொரு விலைக்கும் காலாவதித் திகதி போடுங்கள். தனியார் வீட்டு வேலைக்கு 30 நாள் நியாயமானது. முடிய ஒரு வாரம் இருக்கும்போது உங்களுக்கு நினைவூட்டல் வர வேண்டும். அன்றைக்கு ஃபோன் எடுத்து, "ஐயா, வாற வெள்ளியோட இந்த விலை முடியுது, யோசிச்சீங்களா?" என்று கேளுங்கள். விற்பனைப் பேச்சைத் திரும்பத் தொடங்க இதைவிட மரியாதையான காரணம் கிடைக்காது.

காலாவதியான பிறகு வந்தால், மொத்த விலையை அப்படியே உயர்த்திச் சொல்ல வேண்டாம். விலை மாறிய பொருள்களை மட்டும் எடுத்து, பழைய விலை, புதிய விலை, அளவு, வித்தியாசம் என்று ஒரு பக்கத்தில் காட்டுங்கள். பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். நீண்ட நாள் வேலை என்றால் விலைத் தளம்பல் பற்றிய நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே சேருங்கள். சீடா என்று நாம் சொல்லும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை இதற்கான விலைச்சுட்டெண்களை வெளியிடுகிறது.

9. பிளான் மாறி மாறி இப்ப ஐஞ்சு எஸ்டிமேட் இருக்கு. எது கடைசி எண்டு எங்களுக்கே குழப்பம்.

பழையதைத் திறந்து அதன் மேலேயே திருத்துவதால் வரும் வினை. ஒவ்வொரு திருத்தமும் புதிய பதிப்பு. பழையது பூட்டப்பட வேண்டும். பல மென்பொருள்களில் கொப்பி எடுக்கும் வசதி உண்டு. பதிப்பு இலக்கத்தோடு, எந்தப் பிளான், பிளானின் திகதி என்ன, முந்தியதிலிருந்து என்ன மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள்: "பதிப்பு 3, பிளான் பி, மேல்மாடிக் குளியலறை ஒன்று கூடியது."

வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது "இது வந்த பிறகு பதிப்பு 2 செல்லாது" என்று எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பதிப்பு 1இன் விலையையும் பதிப்பு 4இன் வசதிகளையும் சேர்த்துத்தான் அவர் மனதில் வைத்திருப்பார். மனித சுபாவம் அது, அவரைக் குறை சொல்ல முடியாது.

10. காசு கட்டுறவர் ரொறன்ரோவில, காணியப் பார்க்கிறது மாமா, முடிவெடுக்கிறது லண்டன்ல இருக்கிற அக்கா. ஆருக்கு விலை அனுப்புறது?

கொழும்பில் தமிழ் வாடிக்கையாளர்களோடு வேலை செய்பவர்களுக்கு இது அன்றாடக் கதை. தொடர்பாளர் என்று ஒரே ஒரு பெட்டி இருக்கும் மென்பொருள் இங்கே காணாது. முடிவெடுப்பவர், பணம் கட்டுபவர், காணியில் திறப்பு வைத்திருப்பவர் என மூன்று பேரையும் தனித்தனியாகப் பதியுங்கள். விலையை மூவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். மாமாவுக்கு மட்டும் அனுப்பினால் அவர் வாயால் சொல்லும் கணக்குத்தான் ரொறன்ரோவுக்குப் போய்ச்சேரும்.

யாருடைய சொல் கடைசிச் சொல் என்பதைக் கேட்டு எழுதிவைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "மாற்றம் எதுவும் வந்தால் ஆரிட்டக் கேட்டு உறுதிப்படுத்த வேணும்?" என்று கேட்டால் அவர்களே சொல்வார்கள். உறுதி ஒருவர் பெயரிலும் ஒப்பந்தம் இன்னொருவர் பெயரிலும் வரப்போகிறது என்றால், அற்றோணித் தத்துவம் யாருக்கு என்று வழக்கறிஞர் மூலம் பார்த்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

நேர வித்தியாசத்தையும் கவனியுங்கள். ரொறன்ரோ நம்மைவிடக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பிந்தியது. இங்கே காலை 9 மணிக்குத் தானாகப் போகும் நினைவூட்டல் அங்கே நள்ளிரவை ஒட்டி மணியடிக்கும். அவருக்குரிய செய்திகளை மாலை 7 மணிக்கு அனுப்பும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

11. "ஆடி முடியட்டும்", "நிலையம் எடுத்திட்டுச் சொல்றம்" எண்டினம். இதை "போனது" பெட்டியில போடுறதா?

வேண்டாம், "தள்ளிப்போட்டது" பெட்டி இதற்குத்தான். ஆடியிலும் மார்கழியிலும் அத்திவாரம் வைக்க விரும்பாதவர்கள் நிறையப் பேர். வாஸ்து பார்ப்பவர்கள் இன்னும் சில மாதங்களைத் தவிர்ப்பார்கள். அது வாடிக்கையாளரின் நம்பிக்கை, நமக்கோ அது திட்டமிட உதவும் தகவல். ஆவணி முதல் வாரத்தில் ஃபோன் எடுக்கத் திகதி போட்டுவிடுங்கள். அதற்கு முந்திய வாரங்களில் பிளானும் அனுமதியும் ஓடட்டும். அவற்றுக்கு ஆடி தடையில்லை.

சித்திரைப் புத்தாண்டுக்கு ஊர் போகும் மேசன்மார் திரும்பி வரும் நாளையும் மனதில் வைத்துத் தொடக்கத் திகதி பேசுங்கள்.

12. அரச டெண்டர்களையும் இதே பலகையில போடலாமா?

தனிப் பலகை வையுங்கள். வீட்டு வாடிக்கையாளரிடம் திகதி பிந்தினால் மன்னிப்புக் கேட்கலாம். டெண்டர் மூடும் நேரம் பிற்பகல் 2.00 என்றால் 2.05க்குக் கொண்டுபோனது திறக்கப்படாமலே திரும்பி வரும். ஆகவே அங்கே கட்டங்களைவிடத் திகதிகள்தான் பெரிசு. மூடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: டெண்டர் பிணையை வங்கியிடம் கேட்கும் நாள், டெண்டருக்கு முந்திய விளக்கக் கூட்டம், திருத்த அறிவித்தல் வந்ததா என்று பார்க்கும் நாள், விலை பூட்டும் நாள்.

சீடா ஒப்பந்தகாரர் பதிவின் காலாவதித் திகதியையும் இந்தப் பலகையிலேயே நிரந்தரமாக வையுங்கள். தரம் பொருந்தி, விலை பொருந்தி, பதிவு புதுப்பிக்காததால் விலக்கப்படுவது வயிற்றெரிச்சல்.

13. ஒருத்தரும் பதியிறாங்க இல்ல சேர். சொல்லிச் சொல்லி அலுத்திட்டுது.

பதிய வேண்டியது கூடிப்போயிருக்கும். காணி பார்க்கப் போகிறவர் இருபது பெட்டி நிரப்பமாட்டார். அவருக்கு நாலு படம், ஒரு குரல்பதிவு, அடுத்த திகதி போதும். மீதியை ஒபிஸில் இருப்பவர் கேட்டு எழுதட்டும். சைட்டில் சிக்னல் இல்லாத இடத்திலும் பதிந்துவைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

அதைவிடப் பலன் தருவது திங்கட்கிழமை காலைக் கூட்டம். பலகையைத் திரையில் போட்டு, அதில் இருப்பதைப் பற்றி மட்டும் பேசுங்கள். முதலாளி தானே "அந்தக் கொட்டாஞ்சேனை வேலை என்னாச்சு?" என்று ஃபோனில் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் ஒருவரும் பதியமாட்டார்கள். கேட்க வேண்டியதைப் பலகையிலேயே கேளுங்கள்.

14. ஒரே காணிக்கு ஆக்கிடெக்டும் விலை கேட்கிறார், சொந்தக்காரரின் தம்பியும் கேட்கிறார். ரெண்டு பதிவா, ஒண்டா?

காணி ஒன்று என்றால் பதிவும் ஒன்று. விலாசத்தை நம்பித் தேடினால் தப்பிவிடும். ஒருவர் "இராமகிருஷ்ண வீதி" என்று எழுதுவார், ஒருவர் "ராமகிருஷ்ணா ரோட்" என்பார். நில அளவைப் படத்தின் இலக்கத்தையும் துண்டு இலக்கத்தையும் அடையாளமாக வையுங்கள். இரண்டாவது ஆள் வரும்போது அந்த இலக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் இருவருக்கும் இரண்டு விலை போகக்கூடாது. பிளான் ஒன்று என்றால் விலையும் ஒன்றுதான். ஒருவர் கேட்டதை மற்றவரிடம் சொல்லவும் கூடாது. "இந்தக் காணி பற்றி எங்களிடம் ஏற்கனவே ஒரு விசாரணை இருக்கிறது, உரிமையாளரின் சம்மதத்தோடு பேசுவோம்" என்று இருவரிடமும் சொல்லிவிட்டு, உரிமையாளரையே நேரில் கேளுங்கள்.

15. விலை பேசினவர் சொன்னது ஒண்டு, சைட்டில செய்யிறது ஒண்டு. கிளையன்ட் சண்டைக்கு வாறார்.

கையெழுத்தான அன்றைக்கு ஒப்படைப்புக் கூட்டம் ஒன்று வையுங்கள்: விலை பேசியவர், அளவையாளர், சைட் பொறுப்பாளர் மூவரும் அந்தப் பதிவைத் திறந்து வைத்து. வாயால் கொடுத்த வாக்குகளுக்கென்று பதிவில் ஒரு தனிப் பகுதி வேண்டும். "கிணற்றை மூடாமல் விடுவோம்", "பழைய மரக்கதவைத் திரும்பப் பூட்டித் தருவோம்", "மாமரத்தை வெட்டமாட்டோம்" மாதிரியானவை பிஓகியூவில் இராது, ஆனால் வாடிக்கையாளர் உங்களைத் தேர்ந்ததே அதற்காக இருக்கலாம்.

அதிகச் சண்டை வருவது பிசி ரேட்டில், அதாவது வாடிக்கையாளர் பிறகு தெரிவு செய்யும் பொருளுக்கென்று விலைக்குள் முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் விலையில். டைல்ஸுக்குச் சதுர அடிக்கு 450 ரூபா என்று விலைக்குள் வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். கடைக்குப் போனவர் 900 ரூபா டைல்ஸைப் பிடித்துக்கொண்டார். தரை 1,200 சதுர அடி என்றால் வித்தியாசம் 540,000 ரூபா. இது கையெழுத்துக்கு முந்தியே தெரிந்திருந்தால் அவர் வேறு டைல்ஸ் பார்த்திருப்பார், அல்லது காசு ஒதுக்கியிருப்பார். பிசி ரேட் உள்ள பொருள் ஒவ்வொன்றையும் பதிவில் பட்டியலாக்கி, முடிந்தவரை கையெழுத்துக்கு முன்னரே வாடிக்கையாளரைக் கடைக்கு அழைத்துப் போங்கள்.

16. உறுதி, அடையாள அட்டை, வங்கிக் கடிதம் எல்லாம் மென்பொருளில ஏத்தி வைக்கலாமா?

வைக்கலாம், வட்ஸ்அப் குரூப்பில் கிடப்பதைவிட அது நல்லது. ஆனால் எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பெற்ற நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துவதும், தேவை முடிந்ததும் வைத்திருக்காமல் விடுவதும் அதன் அடிப்படை. உறுதிக் கொப்பி அனுமதி எடுப்பவருக்குத் தெரிந்தால் போதும், சைட் பொறுப்பாளருக்குத் தேவையில்லை.

திரையில் அழுத்தி விலையை ஏற்பது செல்லுமா என்றும் கேட்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னணு ஒப்பந்தங்களை அங்கீகரிக்கிறது. முன்வேலை ஒப்பந்தத்துக்கு அது போதும் என்பது என் எண்ணம். முழுக் கொந்தராத்தை அச்செடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்திட்டு, அதன் ஸ்கான் கொப்பியை ஏற்றுங்கள்.

17. வேலை வேற ஆளுக்குப் போயிட்டுது. பதிவை அழிச்சிடலாமா?

அழிக்க வேண்டாம். அடையாள அட்டை, உறுதி போன்றவற்றை மேலே சொன்னபடி நீக்கிவிட்டு, பதிவை "போனது" பெட்டிக்கு நகர்த்துங்கள். நகர்த்தும்போது காரணத்தைக் கட்டாயமாக்குங்கள்: விலை, தாமதம், கடன் கிடைக்கவில்லை, அனுமதி கிடைக்கவில்லை, உறவினருக்குக் கொடுத்தார், திட்டத்தையே கைவிட்டார். "விலை" என்று தெரிவு செய்ய முன்னர் வாடிக்கையாளரையே ஒரு தடவை கேளுங்கள். முடிவு எடுத்த பிறகு கேட்டால் பெரும்பாலும் உள்ளதைச் சொல்வார்கள், "நீங்கள் திரும்ப எடுக்கவேயில்லையே தம்பி" என்பது உட்பட.

காலாண்டுக்கு ஒருமுறை இந்தப் பெட்டியைத் திறந்து, எந்தக் கட்டத்திலிருந்து அதிகம் விழுகிறது என்று பாருங்கள். காணி பார்த்த பிறகு விழுந்தால் 3ஆம் கேள்வியில் சொன்னவற்றை முதல் ஃபோனில் கேட்கவில்லை என்று அர்த்தம். விலை கொடுத்த பிறகு விழுந்தால் 8ஆம் கேள்வியில் சொன்ன நினைவூட்டல் ஓடுகிறதா என்று சோதியுங்கள். திட்டத்தைக் கைவிட்டவர்களுக்கு அடுத்த தை பிறந்ததும் ஒரு ஃபோன் எடுக்கத் திகதி போட்டு வையுங்கள். காணி அங்கேயேதான் இருக்கும், அவர்களுடைய பிளானும் அளவும் உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது.